தாத்தாவின் நோட்டில் இருக்கும் 'ரோஜர்' யார்?

தம்பி, உங்கள் தாத்தாவின் 1944 சிக்னல் நோட்டில் 'ஏபிள், பேக்கர், கிங், ரோஜர்' என்று வருவதைப் பார்த்து, கூட இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஆட்கள் இல்லை, எழுத்துகள்.

ரேடியோ இரைச்சலில் பி, டி, ஈ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் எழுத்துக்கு ஒரு சொல்: ஏ-க்கு ஏபிள், பி-க்கு பேக்கர், கே-க்கு கிங். பிரிட்டிஷ் படைகள் 1943 வாக்கில் அமெரிக்கர்களோடு பொதுவாக வைத்துக்கொண்ட வரிசை இது. நமக்குத் தெரிந்த ஆல்ஃபா, பிராவோ வரிசை இன்றைய வடிவில் 1956-இல்தான் வந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் வாய்க்கும் வரவேண்டும் என்று மாற்றினார்கள்.

ரோஜர் கதைதான் சுவாரசியம். தந்திக் காலத்தில் செய்தி கிடைத்தால் 'ரிசீவ்டு' என்பதற்கு ஆர் என்று மட்டும் தட்டுவார்கள். குரலில் பேசத் தொடங்கியதும் அந்த ஆர் ரோஜர் ஆனது. இப்போது ஆர்-க்கு ரோமியோ. ஆனாலும் யாரும் 'ரோமியோ' என்று பதில் சொல்வதில்லை! ரோஜர் என்றால் 'கிடைத்தது' என்பதோடு சரி, 'செய்கிறேன்' என்று பொருள் இல்லை. அதற்கு 'வில்கோ'.

அப்புறம், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் இப்படி நோட்டுகள் பரணில் கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்துப் பாருங்கள், ஏதாவது ஊர்ப் பெயர் வரலாம்.