கோல்டிட்ஸ் கோட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு அதிகாரிகளை ஜெர்மனி அடைத்து வைத்திருந்த கோட்டை இது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், மூல்டே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். வந்த கேள்விகளில் சில:

லைப்சிக்கிலிருந்து ரயிலிலேயே போய்விடலாமா?
முடியாது. கிரிம்மா வரை ரயில், அப்புறம் பஸ். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

போட்டோவில் வெறும் வெள்ளைக் கட்டடமாகத்தானே தெரிகிறது, காசு கொடுத்து உள்ளே போகணுமா?
முற்றத்தோடு திரும்பினால் நீங்கள் சொல்வது சரிதான். வழிகாட்டியோடு உள்ளே போங்கள். பிரெஞ்சுக் கைதிகள் மணிக்கூண்டு உச்சியில் ஆரம்பித்து, கடிகாரத்தின் எடைகள் தொங்கிய குழி வழியாக நிலவறைக்கு இறங்கி, தேவாலயத் தரைக்கு அடியில் ஓக் உத்தரங்களை அறுத்துக்கொண்டே சுமார் 44 மீட்டர் தோண்டினார்கள். முடிகிற நேரத்தில், 1942 ஜனவரியில், மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணா, விமானமே செய்தார்களாமே, கட்டுக்கதையா?
நிஜம்தான் தம்பி. என்ஜின் இல்லாத கிளைடர். பிரிட்டிஷ் கைதிகள் மாடியறையில் போலிச் சுவர் எழுப்பி அதன் பின்னால் வைத்துச் செய்தார்கள். கட்டில் பலகையும் தரைப் பலகையும்தான் மரம். இறக்கைக்குக் கட்டம் போட்ட படுக்கைத் துணி. அது விறைப்பாக நிற்க, சாப்பாட்டுக்கு வந்த சிறுதானியத்தைக் கஞ்சியாகக் காய்ச்சித் தடவினார்கள். கான்கிரீட் நிரப்பிய குளியல் தொட்டியைக் கீழே விழவிட்டு, அந்த இழுப்பில் கூரையிலிருந்து பறக்கவிடுவது திட்டம். அதற்குள் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது. 2012இல் மாதிரி ஒன்றைச் செய்து, ஆள் இல்லாமல் ஒரு பொம்மையை உட்காரவைத்து விட்டுப் பார்த்தார்கள், ஆற்றைத் தாண்டிப் போய் இறங்கியது!

இந்தியர் யாராவது இருந்தார்களா?
ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் பிரேந்திரநாத் மஜும்தார். பெர்லினுக்குக் கூட்டிப்போய் சுபாஷ் சந்திர போஸைச் சந்திக்கவைத்தும் அவர் பக்கம் சேர மறுத்துவிட்டார். இந்தியக் கைதிகள் இருக்கும் முகாமுக்கு மாற்றச் சொல்லி உண்ணாவிரதம் இருந்து, பிரான்ஸில் இருந்த முகாமுக்கு மாறிப்போன பிறகு அங்கிருந்து தப்பி, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். என்னைக் கேட்டால், கிளைடரைவிட இவர் கதைதான் பெரிசு.

குழந்தையோடு தங்க இடம் உண்டா?
கோட்டைக்குள்ளேயே இளைஞர் விடுதி இருக்கிறது, குடும்பமாகவும் தங்கலாம். தள்ளுவண்டி மட்டும் வேண்டாம். ஏற்றம், போதாததற்குக் கரடுமுரடான கல் பாவிய தரை.