ஆவி பறக்கச் சூடாக்கியும் சத்தி வந்தது ஏன்?

கேள்வி: இரவு மிஞ்சிய சோற்றைப் பானையோடு மூடிவைத்தோம். காலையில் தாச்சியில் போட்டு, ஆவி பறக்கப் பிரட்டித்தான் சாப்பிட்டோம். 2 மணித்தியாலத்துக்குள் இரண்டு பேருக்கும் சத்தி. அந்தச் சூட்டுக்குக் கிருமி சாகாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கிருமி செத்திருக்கும். அது இரவே சோற்றில் விட்டுவைத்த நஞ்சு சாகவில்லை. உங்கள் நேரக் கணக்கைப் பார்த்தால் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியாமீதுதான் முதல் சந்தேகம்; அதன் சத்தி அரை மணி முதல் 6 மணித்தியாலத்துக்குள் வரும். இதன் வித்திகள் (கடின ஓட்டுக்குள் உறங்கும் கிருமிகள்) அரிசியோடேயே வருபவை, உலை கொதித்தாலும் தப்பிவிடும். சோறு ஆறி 50 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் முளைக்கும். மூடிய பானையின் நடுச்சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொழும்பு இரவும் அதைக் குளிரவிடாது. அப்போது சுரக்கும் செரியுலைட் நஞ்சு 121 பாகையில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. தாச்சிச் சூடு எம்மாத்திரம்? மணத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கவனம் சூடாக்குவதில் அல்ல, ஆறவைப்பதில் வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்தவுடன் சோற்றை அகலத் தட்டில் 2 அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் மூடி, சமைத்த 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். வெயில் 32 பாகை தாண்டும் நாளில் 1 மணித்தியாலம்தான். பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: இறைச்சிக் கறியை மெல்லிய நெருப்பில் இளஞ்சூடாகவே வைத்திருந்தால் பழுதாகாதுதானே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பழுதாகும்! இளஞ்சூடுதான் கிருமிக்கு வசதி. இறைச்சிக் கறியில் வளரும் குளொஸ்ட்ரீடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்ற பக்டீரியா 43 முதல் 46 பாகையில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 3 மணித்தியாலத்தில் ஒன்று இரண்டரை இலட்சத்துக்கு மேலாகிவிடும். சல்மொனெல்லா போன்ற வேறு கிருமிகளுக்கும் இளஞ்சூடு ஒரு பயிற்சி மாதிரி. அதைத் தாங்கிய கிருமி, அடுத்து வரும் கடுஞ்சூட்டிலும் கூடுதல் நேரம் உயிர்பிடிக்கும். பரிமாறும்வரை கறி 60 பாகைக்கு மேல், அதாவது கை வைக்க முடியாத சூட்டில் இருக்கவேண்டும். முடியாதென்றால் சிறு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் இறக்கி, கிண்டி ஆற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். திரும்பச் சூடாக்கும்போது ஓரம் கொதிப்பதை நம்பவேண்டாம். அடியிலிருந்து கிண்டுங்கள், நடுத்துண்டின் உள்ளே 75 பாகை ஏறினால்தான் வளர்ந்து பெருகிய இந்தக் கிருமிகள் சாகும்; வித்திகள் அப்போதும் தப்பும்.