ஜிம்முக்குப் போகாமல், காட்டில் கிடைக்கும் மரம், கல்லை வைத்தே முழு உடற்பயிற்சி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஹெபேர் (1875–1957) நடை, ஓட்டம், தாவல், ஏறுதல், எறிதல், நீச்சல் என 10 வகை அசைவுகளை வைத்து ஒரு பயிற்சி முறையையே உருவாக்கியவர்.

என்னைக் கேட்டால் முதலிடம் விழுந்து கிடக்கும் கட்டைக்குத்தான். ஜிம்மில் தூக்கும் எடைக் கம்பியான பார்பெல்லின் எடை இரு பக்கமும் சமம். கட்டையோ ஒரு முனையில் தடித்திருக்கும். அதைத் தோளில் வைத்து நடக்கும்போது, உடல் சாய்ந்துவிடாமல் இருக்க வயிறு, இடுப்புத் தசைகள் ஓயாமல் உழைக்கும். பாதி தூரத்தில் தோளை மாற்றிக்கொள்ளுங்கள். கல்லில் சரியான பிடி கிடைக்காது. அதனால் விரல்களும் முன்கையும் சீக்கிரம் களைத்துவிடும். கல்லை உடலோடு ஒட்டிப் பிடித்து, முதுகை வளைக்காமல் காலை ஊன்றி எழ வேண்டும். தூக்குவதற்கு முன் ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் தேளோ பாம்போ இருக்கலாம்.

கிளையில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப்ஸுக்குக் கிளை தேடும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். பட்டை உரிந்த, இலையில்லாத கிளை பட்டுப்போனதாக இருக்கலாம், அதில் தொங்க வேண்டாம். பச்சைக் கிளையானாலும் முன்கையைவிடத் தடிமனாக இருக்கட்டும். நுனிப்பக்கம் போகாமல் தண்டை ஒட்டிப் பிடியுங்கள். முழு எடையையும் கொடுக்கும் முன் கால் தரையில் இருக்கும்போதே இழுத்துப் பாருங்கள்.

புஷ்-அப்ஸுக்கு ஆடாத கட்டை எதுவும் போதும். கைகளைக் கட்டைமேல் வைத்தால் எளிது, கால்களை வைத்தால் கடினம். சமநிலைக்குக் கட்டைமேல் நடக்கலாம், பாசி ஈரமாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மேட்டில் ஓடி ஏறுங்கள், இறங்கும்போது நடங்கள். பழகாதவர்களுக்கு மறுநாள் தொடைவலி வருவது பெரும்பாலும் இறக்கத்தில் ஓடுவதால்தான்.