பிரிண்டரும் ஐபியும்: பாம்பனில் இருந்து எழுதிய ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.காம் முடித்த மகள் ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் அலுவலக வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. "அந்த பிரிண்டரோட ஐபி என்னன்னு பாத்துச் சொல்லும்மா" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். பிள்ளை விழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். நீங்கள் மறுநாளே ராமநாதபுரம் போய் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்து, ஆறு மாத ஹார்டுவேர் நெட்வொர்க்கிங் படிப்புக்கு 40,000 ரூபாய் ஆகும் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வைக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படுவது இருபது, இருபத்தைந்து சொற்கள். அவற்றைத் தினமும் வேலை செய்யும் இடத்திலேயே இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிரிண்டரைப் பிரித்துப் பழுது பார்க்க அவளை அங்கே எடுக்கவில்லை. அதற்கு சர்வீஸ் ஆள் வருவார். அவருக்கு போன் செய்யும்போது கோளாறு எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

நீங்கள் கடலில் பாசி எடுக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வியாபாரியிடம் "பாசி கொண்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லி நிற்பீர்களா? மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா, கஞ்சிப்பாசியா என்று பேர் சொல்லித்தானே தராசில் வைப்பீர்கள்? மூன்றுக்கும் விலை வேறு. அலுவலகத்தில் "பிரிண்டர் ஓடலை சார்" என்று சொல்வது வெறும் "பாசி" என்று சொல்வது மாதிரிதான். பேப்பர் சிக்கியிருக்கலாம், மை தீர்ந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், கம்ப்யூட்டர் தப்பான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பேர் உண்டு. இனி வருவதை மகளை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவளை அழ வைத்த அந்த ஐபி. ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாட்டை நெட்வொர்க் என்கிறார்கள். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும். அதுதான் ஐபி முகவரி. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. விடுதி, கடை, வீடு போன்ற இடங்களில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிரிண்டருக்கு 192.168.1.20 என்று இருந்தால், பில் அடிக்கச் சொன்னதும் கம்ப்யூட்டர் அந்த முகவரியைத் தேடித்தான் அனுப்பும்.

இதைத் தவிர மேக் முகவரி என்று ஒன்று இருக்கிறது. அது கருவி செய்யும்போதே அதில் பதித்துவிடுவது. படகில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் பதிவெண் மாதிரி. படகு எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். ஐபி முகவரி, படகு இன்றைக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பது மாதிரி. நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும் என்று நிச்சயமில்லை. ஐஸ் கொண்டு போகிற பையன் நேற்றைய இடத்துக்கே போய் நின்றால் என்ன ஆகும்? படகும் இருக்கிறது, ஐஸும் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் "ஆஃப்லைன்" என்று காட்டுவது பல நேரங்களில் இதைத்தான். பிரிண்டருக்கு ஒரு குறையும் இருக்காது.

இடத்தை மாற்றுவது யார்? ரூட்டர். இணையத்தையும் அலுவலகத்தையும் இணைக்கும், ஆன்டெனா வைத்த அந்தச் சின்னப் பெட்டி. நெட்வொர்க்கில் புதிதாக வரும் கருவிக்கு அதுவே ஒரு முகவரியைக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பேர். கொடுத்த முகவரி கொஞ்ச காலத்துக்குத்தான். கரண்ட் போய்த் திரும்ப வந்தால், காலையில் கடைசி எண் 20 என்று இருந்த பிரிண்டருக்கு மாலையில் 34 என்று கிடைக்கலாம். அதைத் தடுக்கத்தான் பிரிண்டருக்கு மட்டும் மாறாத முகவரி கொடுத்து வைப்பார்கள். அதை ஸ்டாட்டிக் ஐபி என்பார்கள்.

விடுதி வேலை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அறைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு போன். எல்லாரும் வந்து இறங்கியதும் வைஃபை பாஸ்வேர்டுதான் கேட்பார்கள். சாதாரண ரூட்டர் ஒன்றில், வழக்கமான அமைப்பில் 254 முகவரிக்கு மேல் கிடையாது. விருந்தினருக்கும் அலுவலகத்துக்கும் ஒரே நெட்வொர்க் என்றால், போன்கள் எல்லாம் முகவரியை எடுத்துக்கொண்ட பிறகு, அணைத்துப் போட்ட பிரிண்டருக்கு மிச்சம் இருக்காது. அப்போது பிரிண்டர் தானாக 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். "ரூட்டரிடமிருந்து எனக்கு முகவரி கிடைக்கவில்லை" என்று பிரிண்டர் சொல்லும் அடையாளம் அது. கேபிள் கழன்றிருந்தாலும் இதே எண் வரலாம். இந்த ஒரு அடையாளம் தெரிந்தாலே உங்கள் மகள் அந்த அலுவலகத்தில் தலைநிமிர்ந்து பேசலாம். விருந்தினருக்குத் தனி வைஃபை வைப்பதே நல்லது என்று மேனேஜரிடம் சொல்லலாம். இதனால் பிரிண்டர் பிழைக்கும், அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் விருந்தினர் விவரங்களும் பத்திரமாக இருக்கும்.

வைஃபையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை வரும். முதலாவது சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம், ஆனால் எட்டும் தூரம் குறைவு. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். பேர் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் இணையவில்லை என்றால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரூட்டரில் கேபிள் குத்தும் துளைகள் போதாதபோது வைக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பேர். விளக்குப் போடும் சுவிட்ச் என்று நினைத்துக் குழம்பிவிடக் கூடாது.

அடுத்து, அச்சு. டிரைவர் என்பது கம்ப்யூட்டர் சொல்வதை அந்த மாடல் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். அது மாறிப்போனால் தாள் தாளாக அர்த்தமில்லாத எழுத்துகள் வந்து விழும். ஸ்பூலர் என்பது அச்சிட வந்த வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவது. அந்த வரிசைக்கு கியூ என்று பேர். முன்னால் நிற்கும் ஒரு வேலை சிக்கினால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த இடத்தில் செய்யும் தவறு, பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவது. சிக்கல் தீர்ந்ததும் ஒரே பில் பன்னிரண்டு வந்து விழும். கியூவைத் திறந்து, சிக்கிய வேலையை நீக்குவதுதான் வழி. டீஃபால்ட் பிரிண்டர் என்பது, வேறு எதுவும் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எந்த பிரிண்டருக்கு அனுப்பும் என்பது. விண்டோஸில் இதைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. கடைசியாக எதில் அடித்தோமோ அதையே டீஃபால்ட் ஆக்கிவிடும். பில் அடித்தால் தாள் வராமல், கோப்பை எங்கே சேமிக்க என்று கேட்கிறதா? தாளில் அடிக்காமல் கோப்பாகச் சேமிக்கும் பிடிஎஃப் தேர்வாகி இருக்கிறது என்று அர்த்தம்.

லேசர் பிரிண்டரில் இருப்பது டோனர் என்னும் மைப்பொடி. அதை டிரம் என்ற உருளை தாளில் படிய வைக்கிறது, ஃபியூசர் என்ற சூடான உருளை உருக்கி ஒட்டுகிறது. அச்சு முழுக்க மங்கினால் டோனர் தீர்கிறது. ஒரே இடைவெளியில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் டிரம்மைச் சந்தேகிக்க வேண்டும். கையால் தேய்த்ததும் எழுத்து உதிர்ந்தால் ஃபியூசர். ஃபியூசர் சூடாகும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். அதனால்தான் லேசர் பிரிண்டரை, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வைக்கும் யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது என்பார்கள். கரண்ட் போகும் ஊரில் இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஜெராக்ஸ் என்று நாம் சொல்லும் சொல்லே ஒரு கம்பெனியின் பேர் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். லேசர் பிரிண்டர் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியில் பிறந்தது. கேபிள் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட்டும் 1973-இல் அவர்களுடைய ஆய்வகத்தில்தான் உருவானது. பிரிண்டரும் நெட்வொர்க்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தனித்தனியாகப் படிக்க வேண்டிய பாடங்கள் என்று அவள் பயப்பட வேண்டியதில்லை.

நம் கடற்கரைக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையில் எழுதிய பாடப் புத்தகத்தில் இதைப் பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பிரித்து வைத்த பேப்பர் கட்டு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத் தாள் சுருளும், ஒன்றோடொன்று ஒட்டும், பிரிண்டருக்குள் சிக்கும். "மெஷின் போச்சு" என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும் அலுவலகங்களில், டிரேயில் இருந்த தாளை மாற்றியதுமே சரியாகிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் டிரேயில் போட்டு, மிச்சத்தை உறையோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைக்கட்டும். அதே மாதிரி, உப்புக்காற்றில் கேபிள் முனையின் செம்பு பச்சை பூத்துவிடும். நெட்வொர்க் விட்டு விட்டு வந்தால், கேபிளைக் கழற்றி அந்த முனையைப் பார்ப்பது முதல் வேலை. ரூட்டரை ஜன்னலோரம் வைத்திருந்தால் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லலாம்.

தாள் அளவைப் பற்றிச் சுருக்கமாக: ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். லீகல் அதைவிட நீளம், பத்திரம் மாதிரியான வேலைக்கு. கோப்பில் ஒன்றும் டிரேயில் மற்றொன்றும் இருந்தால் பிரிண்டர் அச்சிடாமல் காத்துக்கொண்டே நிற்கும். டூப்ளெக்ஸ் என்றால் இரு பக்க அச்சு. தமிழில் அடித்த கடிதம் வேறு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துருவும் கூடவே போகும்.

இனி படிப்புச் செலவு. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போகும் எண்ணம் மகளுக்கு இருந்தால், தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வித் துறையின் "கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்" சான்றிதழுக்குப் படிக்கலாம். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்கு அதைக் கேட்கிறார்கள். தட்டச்சும் சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் பத்தாவது முடித்த வேறு பிள்ளை இருந்தால், ஐடிஐயில் கோபா என்ற ஓராண்டுப் பிரிவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் இயக்கும் வேலைக்கான படிப்பு அது. நெட்வொர்க்கிங்தான் பிடித்திருக்கிறது, கேபிளும் ரூட்டரும்தான் வாழ்க்கை என்று மகளே ஒரு வருடம் கழித்துச் சொன்னால், அப்போது 40,000 செலவழிப்பதில் நியாயம் உண்டு. பத்து நாள் வேலையில் வந்த அழுகையை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய், சேரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், உங்கள் பணம் அது.

மகள் நாளைக்குச் செய்ய வேண்டியது இது. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் அமைப்பு என்ற பகுதிக்குப் போய், அந்த விவரத் தாளை அச்சிட்டு எடுக்கட்டும். அதில் ஐபி முகவரியும் மேக் முகவரியும் இருக்கும். இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, கீழே டோனர் மாடல் எண்ணையும் சர்வீஸ் ஆள் போன் நம்பரையும் எழுதட்டும். பிறகு அலுவலகக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த ஐபியை அப்படியே அடித்துப் பார்க்கட்டும். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்களில் அதற்குரிய பக்கம் திறக்கும். திறந்தால் வழி சரியாக இருக்கிறது. திறக்கவில்லை என்றால் கேபிளையும் ரூட்டரையும் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போகட்டும். "சார், பிரிண்டர் ஐபி 192.168.1.34-ன்னு மாறியிருக்கு, கம்ப்யூட்டர்ல பழைய 20 தான் இருக்கு, ஸ்டாட்டிக் போடச் சொல்லலாமா?" என்று கேட்கட்டும். வீட்டில் இரவு உங்களிடம் இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டுப் போனால் குரல் நடுங்காது.