த்ராட்டில் தகட்டை விரலால் தள்ள வேண்டாம்

வள்ளியூர் நண்பருக்கு வணக்கம். ஏசியைப் போட்டபடி வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது உங்கள் பெட்ரோல் கார் நடுங்கி அணைந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரியாகப் படிந்து, ஐடிலிங்குக்கு (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு) வேண்டிய மெல்லிய காற்றிடைவெளியை அடைத்துவிடுவதால் இவ்வாறு நேரக்கூடும். வீட்டிலேயே துடைக்கலாம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுக் காற்றுக்குழாயை விலக்குங்கள். தகடு பொருந்தியிருக்கும் த்ராட்டில் பாடிக்கென்றே விற்கப்படும் கிளீனரைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து, கண்ணுக்குத் தெரியும் முகப்பையும் விளிம்பையும் மட்டும் துடையுங்கள். உள்ளே நேரடியாகப் பீய்ச்சினால் திரவம் மின்மோட்டார்ப் பகுதிக்குள் இறங்கிவிடக்கூடும். உங்கள் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இல்லை, மின்மோட்டாரே தகட்டை அசைக்கிறது என்பதால், தகட்டை விரலால் வலிந்து திறக்கவே கூடாது. அதை இயக்கும் பற்சக்கரங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். உடைந்தால் செலவு பெரிது. பின்பக்கமும் கரி இருந்தால், பாகத்தைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே என் பரிந்துரை.

திரும்பப் பூட்டியபின் ஐடிலிங் சற்று நேரம் ஏறி இறங்கும். சில வண்டிகளில் எஞ்சின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியால் ரீசெட் செய்யவும் வேண்டியிருக்கும். ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் ஓட்டுபவர் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுவது நல்லது. நடுக்கம் அப்போதும் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக்கையும் வாக்குவம் குழாய்களின் கசிவையும் சோதியுங்கள்.