பெல்ட் கிரைண்டரில் கிளவுஸ் போடலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் அரிவாள், கத்தி செய்கிறோம். புதிதாக பெல்ட் கிரைண்டர் (உப்புத்தாள் பெல்ட் சுழன்று இரும்பைத் தேய்க்கும் மெஷின்) வாங்கியிருக்கிறோம். ஜாப் (தேய்க்கிற இரும்பு) சூடாகிறது என்று பையன்கள் துணி கிளவுஸ் போட்டுப் பிடிக்கிறார்கள். இது சரியா? வேறு என்ன கவனிக்க வேண்டும்? – சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: துணி கிளவுஸை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. வீல் போட்டிருந்தால் பெல்ட் நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். வெறும் விரல் பட்டால் தோல் சீவும், கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வோம். கிளவுஸ் மாட்டினால் இழுப்பது பெல்ட்தான்.

நான் வேலை பழகிய இடத்தில் பக்கத்து மெஷினில் இருந்தவரின் பின்னல் கிளவுஸ் நுனியில் ஒரு நூல் பிரிந்திருந்தது. பெல்ட் அதைப் பிடித்து, விரலை ரெஸ்ட்டுக்கும் (ஜாப்பைத் தாங்கும் தட்டு) பெல்ட்டுக்கும் நடுவே கொண்டுபோய்விட்டது. ஆள்காட்டி விரலின் நகமும் சதையும் போயின. மோட்டார் சத்தம்கூட மாறவில்லை. அதனால்தான் ரெஸ்ட்டுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறோம். பெல்ட் மாற்றும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு இதைச் சரிபாருங்கள்.

சரி, சூட்டுக்கு என்ன செய்வது? பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். விரல் சுட்டால் முக்கி எடுங்கள். வெறுங்கை இங்கே நல்ல அளவுகோல்: கை பொறுக்காத சூட்டை அலட்சியம் செய்து தேய்த்துக்கொண்டே போனால் கத்தியின் வாய் நீலம் பாய்ந்து, ஏற்றிய பதமும் இறங்கிவிடும். விரலுக்கு அடங்காத சின்ன ஜாப்பை வைஸ் கிரிப்பில் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடியுங்கள். கழுத்துத் துண்டு, கைக்கயிறு, மோதிரம், தொங்கும் சட்டைக் கை எல்லாமே கிளவுஸ் மாதிரிதான். லுங்கியோடு நிற்க வேண்டாம்.

கூர் ஏறிய பிறகு, பெல்ட் ஓடிவரும் திசைக்கு எதிரே கத்தியின் வாயைக் காட்டாதீர்கள். அது பெல்ட்டில் குத்தி, பெல்ட்டைக் கிழித்து, கத்தியைத் தூக்கி எறியும். புதுப் பெல்ட் மாட்டினால் உள்பக்க அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். முதலில் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்று சுவிட்ச் போடுங்கள். ஒட்டு விட்டுப்போன பெல்ட் சவுக்கு மாதிரி அடிக்கும்.

நம் ஊரில் கரண்ட் போய் வருவது ஒரு தனி ஆபத்து. சாதாரண சுவிட்ச் என்றால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அப்போது யாராவது பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கலாம். கரண்ட் போனால் தானே ஆஃப் ஆகி, திரும்ப அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடுங்கள். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மரப்பிடி தேய்த்த தூள் கிடக்கும் இடத்தில் இரும்புப் பொறி பறந்தால் தூள் உள்ளுக்குள் கனன்று, பட்டறை பூட்டிய பிறகுகூடத் தீப்பிடிக்கலாம். அலுமினியத் தூளோ இன்னும் மோசம். அதே மெஷினில் இரும்போடு சேர்த்துத் தேய்க்கவே வேண்டாம். தூசுக்கு மூக்கில் கட்டிய கைக்குட்டை போதாது. என்95 மாஸ்க் போடுங்கள்.

கடைசியாகக் கண். பக்கமும் மூடிய கண்ணாடி இல்லாமல் யாரும் மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. அப்படியும் துகள் விழுந்தால் கசக்கக் கூடாது. பட்டறையில் ஒருவர் இமையை விரித்துப் பிடிக்க இன்னொருவர் துணி முனையால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையே வேண்டாம். கருவிழியில் தங்கிய இரும்புத்துகள் ஒன்றிரண்டு நாளில் துருப்பிடித்து வளையம் கட்டும். அதைக் கண் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க முடியும். விரலில் காயம் என்றால் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்பாமல், ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டது என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.