காலில் ரத்தக் கட்டி, மருந்துச் சீட்டில் தசைப்பிடிப்பு: வழக்குப் போடலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆத்தாவுக்கு மதுரையில் முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து, இரண்டாவது வாரம் அதே காலில் கெண்டைச்சதை வீங்கி வலித்தது. உள்ளூர் கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். நாலே நாளில் மூச்சுத்திணறல். காரைக்குடியில் சிடி எடுத்தால் நுரையீரலில் ரத்தக் கட்டி. ஐசியூவில் இருந்து பிழைத்து வந்துவிட்டார். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நோயைத் தவறாகச் சொன்னார் என்பது மட்டும் போதாது. கணிப்பில் வரும் பிழையெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் சாதாரணத் திறமையுள்ள வேறொரு டாக்டர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், அதுதான் கேள்வி.

ஆபரேஷன் செய்த கால் வீங்குவது சகஜம்தானே என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். அது உண்மையும்கூட. ஆனால் முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்த சில வாரங்கள்தான் காலின் ஆழமான ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் (அந்தக் கட்டிதான் நுரையீரலுக்குப் போய் அடைக்கும்) ஆபத்து அதிகமுள்ள காலம் என்பது எந்த டாக்டருக்கும் தெரிந்த விஷயம், அதனால் புதிதாக வலியோடு வீங்கினால் இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து பார்த்து (3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும்) ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதியிருக்க வேண்டும். ரத்தக் கட்டி இருக்கிறதா என்று காட்டும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை பார்க்கவில்லையே என்று அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது எப்படியும் கூடித்தான் இருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது: மதுரை டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ குறைந்தது 10 முதல் 14 நாள், பலருக்கு 35 நாள் வரை கொடுப்பது வழக்கம். அது எழுதப்படவே இல்லை என்றால், அதற்கான காரணமும் அதில் இல்லை என்றால், கிளினிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எழுதியிருந்து நீங்கள் வாங்காமல் விட்டிருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

கிளினிக் சீட்டு, மருந்துக்கடை பில், பணம் கட்டிய ரசீது எதையும் தூக்கிப் போட வேண்டாம். மூன்று இடத்திலும் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்ய 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு, அது மலேரியாவை டைபாய்டு என்று வைத்தியம் பார்த்த வழக்கு. இருந்தாலும் உங்கள் விஷயத்தில் ஒரு ரத்தநாள நிபுணரின் கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

டாக்டர் நம்ம ஊர்க்காரர், பேசித் தீர்த்துக்கலாம் என்று பங்காளிகள் சொல்வார்கள். பேசுங்கள், தப்பில்லை. ஆனால் வழக்குப் போடக் கெடு இரண்டு வருஷம்தான், பேச்சு இழுத்துக்கொண்டே போனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், ஆத்தாவுக்கு இப்போது கொடுக்கும் ரத்தம் உறையாத மாத்திரையைக் குறைந்தது 3 மாதமாவது கொடுப்பார்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.